தூக்குக்குண்டும் பழைய செருப்பும்: செயற்கைக் காலின் நேர்த்தியை வீட்டிலேயே பார்ப்பது எப்படி

நான் முதலில் மேசன். இருபது வருடம் சுவர் கட்டியவன். 2010இல் மீளக் குடியேறி ஆறு மாதம் ஆகவில்லை, வட்டக்கச்சியில் வளவைத் துப்பரவாக்கும்போது மிதிவெடியில் இடது கால் முழங்காலுக்கு ஆறு அங்குலம் கீழே போனது. இப்போது கிளிநொச்சிப் பக்கம் ஒரு செயற்கைக் கால் பட்டறையில் வேலை. அதனால் கால் போடுகிறவனாகவும் கால் பூட்டுகிறவனாகவும் இரண்டு பக்கத்திலிருந்தும் இதை எழுதுகிறேன். எழுதுவது முழங்காலுக்குக் கீழே கால் போனவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும். பட்டறைக்காரருக்கு இதெல்லாம் தெரியும், தெரியவேண்டும்.

என் முதல் காலை எனக்குப் பூட்டிய இடத்தில் தரை பளபளவென்று இருந்தது. இரண்டு பக்கமும் பிடிகம்பி. குதி உயர்ந்த ஒரு சப்பாத்தைத் தந்து நடக்கச் சொன்னார்கள். பத்து எட்டு வைத்தேன். "வடிவாக நடக்கிறீங்கள் அண்ணை" என்று சொல்லி, இனிச் சாய்வை மாற்றமுடியாதபடி காலை ஒட்டித் தந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து வழக்கமான பாட்டாச் செருப்பை மாட்டினேன். ஒவ்வொரு எட்டிலும் முழங்கால் பின்னுக்கு உதைத்தது. தட்டையான முற்றத்தில் நடந்தாலும் மேட்டில் ஏறுகிற மாதிரி. என் பலவீனம்தான் காரணம் என்று நினைத்து ஏழு மாதம் அப்படியே நடந்தேன். முழங்கால் வீங்கியதுதான் மிச்சம். கடைசியில் வேறொரு பட்டறையில் ஒரு வயதான ஐயா என்னை நடக்கவிட்டுப் பார்த்தார். ஒன்றும் கதைக்கவில்லை. ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து, மடித்து, செயற்கைக் காலின் குதிக்கும் செருப்புக்கும் இடையில் வைத்து "இப்ப நடவும்" என்றார். முழங்கால் அமைதியாகிவிட்டது. ஏழு மாதத்து வலிக்கு மருந்து ஒரு செ.மீ. அட்டை.

அது ஏன் வேலை செய்தது என்பதைக் கணக்காகவே சொல்லலாம். பாதம் நிலத்தில் ஊன்றுவது குதியிலும் விரல்களுக்குப் பின்னுள்ள மேட்டிலும். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 17 செ.மீ. குதியை 1 செ.மீ. உயர்த்தினால் கால் முழுவதும் மூன்று பாகைக்குச் சற்று அதிகமாக முன்னுக்குச் சாயும். முழங்கால் நிலத்திலிருந்து 45 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். அங்கே அந்தச் சாய்வு இரண்டரை செ.மீ.க்கு மேல், அதாவது ஓர் அங்குலம். செருப்பு மாற்றினால் முழங்கால் ஓர் அங்குலம் இடம் மாறுகிறது! சொந்தக் கால் என்றால் கணுக்கால் தானே மடங்கிச் சரிசெய்யும், நமக்குத் தெரியவும் தெரியாது. பூட்டிய கால் பூட்டியபடிதான் நிற்கும். கணுக்கால் செய்யாத வேலை முழங்காலின் தலையில் விழும்.

இன்னொன்றையும் விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் லேசு. நாம் நிலத்தை மிதிக்கும்போது நிலமும் நம்மைத் திருப்பி உதைக்கிறது. 60 கிலோ ஆள் சாதாரணமாக நடக்கும்போதே அந்த உதை சில கணங்களில் 65, 70 கிலோ அளவுக்குப் போகும். அதை நிலத்திலிருந்து மேலே போகும் ஒரு கோடாக நினையுங்கள். கோடு முழங்காலுக்குப் பின்னால் போனால் முழங்கால் மடியப் பார்க்கும். முன்னால் போனால் நிமிரப் பார்க்கும், அளவு மிஞ்சினால் பின்னுக்கு வளையும். உட்பக்கமாகப் போனால் முழங்கால் வெளியே தள்ளுப்படும், வெளிப்பக்கமாகப் போனால் உள்ளே. கோடு எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவுக்கு வேகம். கிணற்றில் துலா மிதித்த கிழவர்கள் யாரும் இருந்தால் கேளுங்கள், அச்சுக்குக் கிட்ட நின்று மிதித்தால் துலா அசையாது, ஓரடி தள்ளி மிதித்தால் வாளி தானாக எழும்பும். பாதத்தை எந்த இடத்தில், எந்தச் சாய்வில் வைத்தால் அந்தக் கோடு முழங்காலைத் தொல்லைப்படுத்தாமல் போகும் என்று பார்ப்பதுதான் நேர்த்தி, அதாவது அலைன்மென்ட். பட்டறையில் அந்த இங்கிலீசுச் சொல்லைத்தான் எல்லோரும் சொல்கிறோம்.

மேசையும் செருப்பும் முதலில்

மேசை என்றால் சாப்பாட்டு மேசை அல்ல, மேசு. மீதிக் காலுக்குப் போடும் உறை. "அண்ணை, கால் கோணிப்போச்சு" என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கால் கோணவில்லை, மேசுக் கணக்குத்தான் பிழைத்திருக்கும். மீதிக் கால் காலையில் பருத்திருக்கும், மத்தியானத்துக்குள் சுருங்கும். நம்மூர்க் கோடையில் வயலில் நின்றால் இன்னும். சுருங்கியதும் கால் சொக்கெட்டுக்குள், அதாவது மீதிக் காலை நுழைக்கும் கூட்டுக்குள், கீழே இறங்கும். எலும்பின் நுனி அடியில் குத்தும், முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கவேண்டிய தாங்கல் சில்லிலேயே ஏறிவிடும், கால் கட்டையாகிவிடும். ஒரு மேசு கூடப் போட்டால் தீர்ந்தது. மேசு கூடிப்போனால் எதிர்மாறு: கால் முழுக்க இறங்காது, நீளமாகத் தெரியும்.

அடியில் முட்டுகிறதா என்று சந்தேகமானால் ரொட்டிக்குப் பிசைந்த மாவில் ஒரு சின்ன உருண்டை எடுத்து, மெல்லிய பொலித்தீனில் சுற்றி, சொக்கெட்டின் அடியில் போட்டுவிட்டுக் காலை மாட்டி எழும்பி நில்லுங்கள். கழற்றிப் பாருங்கள். தாள்போலத் தட்டையாகியிருந்தால் கால் கீழே இறங்கி அடியில் முட்டுகிறது. உருண்டை உருண்டையாகவே இருந்தால் மேசு கூட. கொஞ்சம் அமுங்கியிருந்தால் சரி.

காலைக் கழராமல் பிடித்துவைக்கும் பட்டியையும் பாருங்கள். நின்றபடி சொக்கெட் விளிம்பையொட்டி மேசில் பேனையால் கோடு போட்டு, காலைத் தூக்கித் தொங்கவிடுங்கள். கோடும் விளிம்பும் 1 செ.மீ.க்கு மேல் விலகினால், நடக்கும்போது ஒவ்வொரு எட்டிலும் கால் கழன்று கழன்று ஏறுகிறது. பெருவிரல் நிலத்தில் தட்டுவதற்குக் காரணம் பல நேரம் அதுதான்.

மேசு, பட்டி, செருப்பு மூன்றும் சரியான பிறகுதான் நேர்த்தியைப் பற்றிக் கதைக்கலாம்.

குண்டு விட்டுப் பார்ப்பது

தரை மட்டமாக இருக்கவேண்டும். சீமெந்துத் தரையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள், எந்தப் பக்கமும் ஓடாமல் நிற்கிற இடத்தில் நில்லுங்கள். (தண்ணீரைத் துடைத்துவிட்டு. சொல்லாவிட்டால் சிலர் வழுக்கி விழுவார்கள்.) நீங்கள் தினமும் போடுகிற செருப்போடு, இரண்டு காலிலும் ஒரே அளவு பாரம் வைத்து. தூக்குக்குண்டு இல்லாவிட்டால் தையல் நூலில் ஒரு பெரிய நட்டைக் கட்டினால் காணும்.

முதலில் இடுப்பு. வீட்டில் ஒருவர் பின்னால் முழங்காலில் இருந்து, இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் கிடையாக வைத்துப் பார்க்கட்டும். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அந்தக் காலின் கீழே மெல்லிய பலகையோ பழைய கொப்பியோ வைத்து, கைகள் மட்டமாகும்வரை கூட்டுங்கள். வைத்ததன் தடிப்பை அளந்து எழுதுங்கள். ஐந்து மில்லிமீற்றர் என்றால் அலட்டிக்கொள்ளவேண்டாம். ஒன்றரை செ.மீ. என்றால் முதுகு ஒருநாள் கணக்குக் கேட்கும்.

அப்புறம் பக்கவாட்டில். முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே, சொக்கெட்டின் நடுவில் நூலைப் பிடியுங்கள். குண்டு பாதத்தின் நடுவுக்குக் கொஞ்சம் பின்னே, குதிப் பக்கமாக விழும். எந்த இடம் சரி என்பது பாதத்தின் வகையைப் பொறுத்தது, அதைப் பட்டறையில் கேட்டு அறியுங்கள். பின்னாலிருந்து பார்க்கும்போது சொக்கெட்டின் நடுவில் விட்ட குண்டு குதியின் நடுவில் விழாமல் ஒரு செ.மீ. அளவு வெளியே விழுந்தால் பயப்படாதீர்கள். பாதத்தை வேண்டுமென்றே அவ்வளவு உள்ளே வைக்கிறோம், மனிதர் நடக்கும்போது பாதங்கள் கிட்டக்கிட்டத்தான் விழும்.

சொக்கெட்டும் நேராக நிற்காது. சுவர் கட்டினவனுக்கு முதலில் இது பிடிக்கவே இல்லை. ஐந்து பாகை அளவு முன்னுக்குச் சாய்த்துத்தான் பூட்டுவோம். மேசன் கணக்கில் ஓர் அடிக்கு ஓர் அங்குலம். அந்தச் சாய்வினால்தான் சில்லுக்குக் கீழுள்ள தடித்த நார் பாரத்தை வாங்குகிறது, முழங்கால் பின்னுக்கு உதைக்காமலும் இருக்கிறது. கிடந்த கிடையில் முழங்கால் மடங்கி இறுகிப்போனவர்களுக்கு அந்த மடக்கையும் சேர்த்துச் சாய்க்கவேண்டும். அப்படியானவருடைய காலைப் பார்த்துவிட்டு "கோணலாகப் பூட்டிப்போட்டாங்கள்" என்று அயலார் சொல்வார்கள். காதில் விழுத்தவேண்டாம்.

இந்த அளவுகளைக் கால் நன்றாக நடக்கிற நாளில் எடுத்து, போனில் படமும் பிடித்து வையுங்கள். பிழைத்த பிறகு அளந்தால் எதோடு ஒப்பிடுவது?

நடக்கவிட்டு

போனை முழங்கால் உயரத்தில் ஒரு கதிரையில் சாய்த்து வைத்து வீடியோ எடுங்கள். பக்கவாட்டில் ஒன்று, முன்னால், பின்னால். சாரத்தை மடித்துக் கட்டுங்கள், அக்காமார் முழங்கால் தெரிகிற அளவுக்கு உயர்த்திக்கொண்டால் போதும். எட்டோ பத்தோ அடி நடந்தால் காணும். முதல் இரண்டு எட்டையும் கடைசி இரண்டையும் கணக்கில் எடுக்கவேண்டாம், கமரா இருக்கிறது என்று எல்லோரும் நடிப்பார்கள். மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள்.

குதி நிலத்தில் பட்டதும் முழங்கால் வெடுக்கென்று முன்னுக்கு மடிகிறதா? குதி உயர்ந்த செருப்பு, குதியிலுள்ள றப்பர் அளவுக்கு மீறிக் கடினம், அல்லது பாதம் சொக்கெட்டுக்கு மிகப் பின்னால். எட்டு முடிகிற நேரத்தில் குழிக்குள் கால் வைத்ததுபோல விழுகிறதா? பாதம் பின்னால் இருக்கிறது, அல்லது முன்பாதம் மேல்நோக்கி நிற்கிறது. நேரெதிராக, மேடேறுகிற மாதிரி இழுத்து, முழங்கால் பின்னுக்குப் போகிறதா? என் கதைதான்: பாதம் மிக முன்னால், அல்லது விரல் பக்கம் கீழ்நோக்கி, அல்லது செருப்பு மிகத் தட்டை.

முன்னாலிருந்து பார்க்கும்போது, ஊன்றி நிற்கிற கணத்தில் முழங்கால் வெளியே தள்ளினால் பாதம் அளவுக்கு மிஞ்சி உள்ளே இருக்கிறது. கொஞ்சம் தள்ளுவது சரி. உள்ளே விழுந்து, கால்களை அகட்டி அகட்டி நடந்தால் பாதம் வெளியே இருக்கிறது. வயல் வரம்பில் இது உடனே தெரியும், அகட்டி நடக்கிறவருக்கு ஒரு கால் வரம்பில், மற்றது சேற்றில்.

இப்போது பழைய செருப்பு. அடியை வெட்டி நாலைந்து துண்டுகள் எடுங்கள், மூன்று மில்லிமீற்றர், ஐந்து, ஒரு செ.மீ. என்று. திருகாணி ஒன்றையும் தொடாமல் எந்தத் திருத்தம் வேண்டும் என்பதை இவை சொல்லும். முழங்கால் பின்னுக்கு உதைத்தால் குதியின் கீழே. முன்னுக்கு மடிந்தால் முன்பாதத்தின் கீழே. முழங்கால் வெளியே தள்ளினால் பாதத்தின் வெளி விளிம்பின் கீழே, உள்ளே விழுந்தால் உள் விளிம்பின் கீழே. மெல்லியதில் தொடங்கி, ஒரு தடவைக்கு ஒரே ஒரு துண்டு. சுவரையோ ஒரு ஆளையோ பிடித்துக்கொண்டு. எந்தத் துண்டோடு கால் அமைதியாகிறதோ அதைக் கழற்றி, எங்கே வைத்தது என்று எழுதி, பட்டறைக்குக் கொண்டுபோங்கள். "சரியில்லை" என்று சொல்கிறவருக்கு நான் அரை நாள் தேடவேண்டும். "குதிக்குக் கீழ ஐஞ்சு மில்லி வைச்சா நல்லா இருக்கு" என்று துண்டோடு வருகிறவருக்குப் பத்து நிமிட வேலை.

தோலில் எழுதியிருப்பது

ஒரு மணித்தியாலம் நடந்துவிட்டுக் கழற்றி, சிவப்பைப் பாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைகிற சிவப்புப் பரவாயில்லை, நிற்கிற சிவப்புத்தான் ஆள். அது எப்போதும் சோடியாகவும் குறுக்காகவும் வரும், ஏனென்றால் கால் சொக்கெட்டுக்குள் கடப்பாரைபோல நெம்பப்படுகிறது. மேலே உட்பக்கமும் கீழே வெளிப்பக்கமும் சிவந்தால் பாதம் மிக உள்ளே. மேலே வெளிப்பக்கம், முழங்காலுக்குச் சற்றுக் கீழே துருத்தும் சின்ன எலும்பின் தலையிலும், கீழே உட்பக்கமும் என்றால் பாதம் வெளியே. முன்னால் எலும்பு நுனியும் பின்னால் மேல் விளிம்பும் என்றால் முழங்கால் மடித்துத் தள்ளப்படுகிறது. வலி ஓரிடம், காரணம் பாதத்தில். நிறையப் பேர் சிவந்த இடத்தில் சொக்கெட்டை அராவச் சொல்லிக் கேட்பார்கள். அராவினால் இரண்டு கிழமைக்கு ஆறுதல், அப்புறம் மற்ற மூலையில் புண்.

சீனி வருத்தத்தால் கால் எடுத்தவர்கள் தினமும் கண்ணாடி வைத்துப் பார்க்கவேண்டும். அவர்களுக்கு வலி வந்து எச்சரிக்காது. தோல் உடைந்திருந்தால் கால் போடவேண்டாம், கிளினிக்குக்குப் போங்கள். அன்றைக்கு ஊன்றுதடிதான்.

திருகாணி

சில கால்களில் குழாயின் மேலும் கீழும் கூம்பு வடிவப் பூட்டும், சுற்றிவர நாலு சின்னத் திருகாணியும் இருக்கும். அதைத் திருப்பும் அலன் கீ ஒன்று லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின் சாமான் பெட்டியிலும் கிடைக்கும் என்பதால் கை சும்மா இராது. தொடாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் முல்லைத்தீவில் கடலோரம் இருந்துகொண்டு, பஸ்சுக்கு ஒருநாள், கூலிக்கு ஒருநாள் என்று கணக்குப் பார்க்கிறவர் தொடத்தான் செய்வார். அப்படியானால், தொடமுன் திருகாணியின் தலையிலிருந்து பூட்டுவரை நகப்பூச்சால் ஒரு கோடு போடுங்கள். எந்தப் பக்கம் தளர்த்துகிறீர்களோ அதற்கு நேர் எதிரில் உள்ளதை அதே அளவு இறுக்குங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் இல்லை. கூட நடந்து பார்க்கும் ஆள் இல்லாமல் செய்யவேண்டாம். கடைசியில் எப்படியும் பட்டறைக்கு வாருங்கள். நாங்கள் கையாளும் பூட்டுகளுக்கு 15 நியூட்டன் மீற்றர் என்று அளவுச் சாவியால் இறுக்கி, கழராதபடி பசையும் இடுவோம். கை இறுக்கம் போதாது. நடுவழியில் கழன்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முழங்காலுக்கு மேலே போனவர்கள் இதைக்கூடச் செய்யவேண்டாம். அங்கே இடுப்பின் வெளிப்பக்க எலும்பிலிருந்து கணுக்காலுக்கு விட்ட கோட்டில் அல்லது அதற்குச் சற்றுப் பின்னால் முழங்கால் அச்சு இருக்கவேண்டும். கொஞ்சம் முன்னால் வந்தாலும் பாரம் வைத்ததும் மடிந்து ஆளை விழுத்தும்.

ஒட்டுகிற நாள்

வன்னியில் நம்மில் நிறையப் பேரின் கால் திருகாணிக் கால் அல்ல. ஒன்று ஜெய்ப்பூர்க் கால். 1968இல் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேத்தி என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் ஜெய்ப்பூரில் உருவாக்கியது. வெறுங்காலோடு நடக்கவும் குந்தியிருக்கவும் என்றே செய்தது. யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் 1987இலிருந்து இயங்குகிறது, எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் பலரின் முதல் கால் அங்கே செய்ததுதான். மற்றது சர்வதேச செஞ்சிலுவைக் குழு உருவாக்கிய பொலிபுரப்பிலீன் முறை. அதில் குழிந்த துண்டும் குவிந்த துண்டும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்து, ஒரு போல்ட்டால் பிடித்திருக்கும். போல்ட்டைத் தளர்த்தி எப்படியும் சாய்க்கலாம், நகர்த்தலாம். சரி என்று சொன்னதும் சூடான காற்றால் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிவிடுவோம். ஒட்டினபின் திருத்துவது என்றால் வெட்டவேண்டும்.

அதனால் அந்த நாளில் அவசரப்படாதீர்கள். பட்டறைக்காரர் நல்லவர்தான், ஆனால் வெளியே இன்னும் ஆறு பேர் காத்திருப்பார்கள். வீட்டிலிருந்து போகும்போதே தினமும் போடுகிற செருப்பைக் கொண்டுபோங்கள். பிடிகம்பிக்குள் நடந்ததும் "வெளியிலயும் ஒருக்கா நடந்து பாக்கட்டோ?" என்று கேளுங்கள். கிரவலில் நடவுங்கள். சரிவு ஒன்றில் ஏறி இறங்குங்கள், குளக்கட்டில் ஏறுகிறவர் என்றால் அதையும் சொல்லுங்கள். ஒரு வாளி தண்ணீர் தூக்கி நடவுங்கள், பாரத்தோடு நடை மாறும். குந்திப் பாருங்கள், கதிரையில் இருந்து பாருங்கள், சொக்கெட்டின் பின் விளிம்பு தொடையின் கீழ் நார்களை வெட்டுகிறதா என்று. இருபது நிமிடம் நடந்து, கழற்றி, தோலைப் பார்த்து, அதன் பிறகு "ஒட்டுங்கோ" என்று நீங்கள் சொல்லவேண்டும்.

கோயிலுக்குப் போகிற நாள்தான் தொல்லை. செருப்புக்கு அளவாகப் பூட்டின கால் வெறும் நிலத்தில் பின்னுக்குச் சாயும். நான் வற்றாப்பளை வைகாசிப் பொங்கலுக்குப் போகும்போது ஒரு செ.மீ. றப்பர்த் துண்டைக் குதியின் கீழே வைத்து, அதற்கு மேலே ஒரு சாதாரண மேசை இழுத்துவிடுவேன். போன வருடம் வெளிவீதியில் ஒரு ஆச்சி என் கால்களைப் பார்த்துக்கொண்டே வந்தா. "ஏன் தம்பி, வெயிலில சுடுற காலுக்கு ஒண்டுமில்லை, சுடாத காலுக்கு மேசோ?" என்றா. றப்பரை எடுத்துக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் சேலையைச் சற்று உயர்த்தினா. அவவுக்கும் இடது கால்தான்.